மலையகத்தில் தேங்ஸ்கிவிங்: ஊழியத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹூஸ்டனிலிருந்து இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு 2022 அக்டோபரில் வந்தோம். கணவருக்குத் திருச்சபையில் ஊழியம், எனக்குப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை. அமெரிக்கர்கள் நவம்பரில் குடும்பமாகக் கூடி வான்கோழி விருந்து உண்ணும் நன்றி நாளான தேங்ஸ்கிவிங்கை அந்த வருடம் கணக்கில் சேர்க்கவில்லை, பெட்டியே பிரித்து முடியவில்லை. 2023இல் சொதப்பினேன். 2024இல் ஒழுங்காக நடத்தினேன். 2025இல் புயல் நடத்தவிடவில்லை. இந்த மூன்று நவம்பர்களில் கற்றதைத்தான் எழுதுகிறேன். அமெரிக்காவிலிருந்து நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்கு ஊழியத்துக்கு வரும் தமிழர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் என்னைப்போல் பெட்டிக்குள் வான்கோழியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் தூங்கிவழிய வேண்டாம்.

1. முதலில் விசாத் தேதியைப் பாருங்கள்

சமையல் குறிப்பைத் தேடும் முன் பாஸ்போர்ட்டை எடுங்கள். சுற்றுலா விசாவில் வந்து ஊழியம் செய்ய முடியாது. உங்களை அழைக்கும் திருச்சபை விண்ணப்பிக்க வேண்டும், கிறிஸ்தவ மத அலுவல்கள் திணைக்களத்தின் சிபாரிசு வேண்டும், அதன்பின் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் வதிவிட விசா தரும். அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பொறி அங்கேதான். எங்களுக்கு அந்த விசா கிடைத்தது நவம்பர் கடைசியில். ஆகவே ஒவ்வொரு தேங்ஸ்கிவிங் வாரத்திலும் அது காலாவதியாகும். முதல் தடவை நான் அதைக் கவனிக்கவில்லை, வாரத்தின் பாதி கொழும்புக்குப் பக்கத்துப் பத்தரமுல்லையில், குடிவரவு அலுவலக வரிசையில் போனது.

இரண்டு மாதம் முன்னாலேயே தொடங்குங்கள். பாஸ்போர்ட்டும் அதன் நகல்களும், திருச்சபையின் கடிதம், திணைக்களச் சிபாரிசு, பழைய விசாப் பக்கத்தின் நகல், புகைப்படங்கள், இவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். நகல் எல்லாவற்றிலும் இரண்டு. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ரயிலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் என்பதால் ஒரே நாளில் போய் வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 2025 புயலில் மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமானது, எனவே எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

ஊரிலிருந்து அக்காவோ அம்மாவோ பண்டிகைக்கு வருவதாக இருந்தால் அவர்களுக்குச் சுற்றுலா அனுமதி போதும். ஆனால் வந்தவர்களை மேடையேற்றிப் பிரசங்கம் செய்யச் சொல்லாதீர்கள். உண்டு, பேசி, மலையைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

2. வியாழனை விட்டுவிடுங்கள்

நவம்பரின் நான்காம் வியாழன் அமெரிக்காவுக்கு விடுமுறை, இங்கே அது ஒரு வேலைநாள். காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம்) போனவர்கள் பறித்த கொழுந்தை எடைபோட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போச்சு. உங்கள் விருந்துக்காக ஒருத்தர் தன் பேரை இழக்கும்படி வைக்காதீர்கள். முந்தின ஞாயிறு அல்லது அடுத்த ஞாயிறு மதியம்தான் சரி. காலை ஆராதனையையும் அதற்கேற்பச் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கள்.

தேதி குறிக்கும்முன் இந்த நான்கையும் பாருங்கள்:

போயா. பௌத்தர்களின் பூரணை (பௌர்ணமி) விடுமுறை. அன்று இறைச்சிக் கடை திறக்காது, மதுக்கடையும் மூடியிருக்கும். 2026இல் தேங்ஸ்கிவிங் நவம்பர் 26. அதற்கு இரண்டு நாள் முன்னால், 24ஆம் தேதி செவ்வாய், போயா. கோழி வாங்க நினைத்தால் திங்களே வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் புதன் வரை காத்திருங்கள்.

கார்த்திகை. நான்காம் வியாழன் எப்போதும் 22க்கும் 28க்கும் இடையில்தான் வரும், அதாவது கார்த்திகை மாதத்துக்குள்ளே. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் அப்போது விரதத்தில் இருப்பார்கள். அந்த வீட்டில் யாருமே கவிச்சி தொடமாட்டார்கள். இதைத் தெரியாமல் முதல் வருடம் கோழி மட்டுமே வைத்தேன். வந்தவர்களில் ஒரு பங்கு பேர் வெறும் கிழங்கைத் தின்றுவிட்டு, "நல்லா இருந்திச்சு மிஸ்" என்று சொல்லிப் போனார்கள். அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை. வியாழனன்று மிஞ்சியதை மறுநாள் சாண்ட்விச் போடும் அமெரிக்கப் பழக்கம் இங்கே நடக்காது. வெள்ளியன்று பல வீடுகளில் மரக்கறிதான். மிஞ்சியதைக் கொடுத்தனுப்பினால் அது வாசலிலேயே நிற்கும்.

உயர்தரப் பரீட்சை (ஏ/எல்), பள்ளியின் கடைசிப் பொதுத் தேர்வு. 2024இலும் 2025இலும் நவம்பரில் வந்தது, 2024இல் 25ஆம் தேதி தொடங்கியது. பரீட்சை எழுதும் பிள்ளை லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஒன்றிருந்தாலும் ஒலிபெருக்கி என்ற பேச்சே வேண்டாம்.

3. அதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்?

இதுதான் எனக்கு மிகவும் சிரமம் தந்தது. "ஸ்தோத்திரக் கூட்டம்" என்று சொன்னீர்களானால் மதம் மாற்ற வந்தவர்கள் என்று நினைப்பார்கள். தோட்டத்தில் பெரும்பாலானவர்கள் இந்துக்கள், இந்தச் சந்தேகத்துக்கு அவர்களிடம் காரணமும் உண்டு. "நன்றி விழா" என்றால் நிவாரணப் பொதி கொடுக்கப்போகிறார்கள் என்று வரிசை கட்டுவார்கள். கொடுக்காவிட்டால் ஏமாற்றம். கொடுத்தால் அடுத்த வருடமும் கொடுக்க வேண்டும்.

சரி, எளிதாகச் சொல்வோம் என்று 2023இல் "இது எங்க ஊர்ப் பொங்கல் மாதிரி" என்றேன். பெரிய தவறு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மூன்று பெண்கள் புதுப்பானையோடும் கரும்புத் துண்டோடும் வாசலில் நின்றார்கள். "மிஸ், எத்தன மணிக்குப் பால் பொங்கணும்?" நான் இரவு உடுப்போடு நின்றேன். அடுப்புக் கூட்டி, பால் பொங்கி, அதைச் சாப்பிட்டு முடித்தபோது மணி பத்து. மதிய விருந்துக்கு யாருக்கும் பசியில்லை.

இப்போது நான் சொல்வது இவ்வளவுதான்: "ஞாயிறு மத்தியானம் எங்க கூட சாப்பிட வாங்க. எங்க ஊர்ல இந்த மாசம் இப்படி ஒரு சாப்பாடு செய்வோம்." ஜெபம் உண்டா என்று கேட்டால், சாப்பாட்டுக்கு முன் ஒரு நிமிடம், விரும்பினவர்கள் மட்டும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். கோயில் கமிட்டித் தலைவரை வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள். கையில் வேதப் புத்தகம் வேண்டாம், ஒரு சீப்பு வாழைப்பழம் போதும்.

4. அனுமதிகள்

தோட்டம் யாரோ ஒருவரின் நிர்வாகத்தில் இருக்கிறது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நீங்கள் அதற்குள் ஐம்பது பேரைக் கூட்டினால் முதலில் கேள்வி வருவது தொரையிடமிருந்துதான், அதாவது தோட்ட முகாமையாளரிடமிருந்து. தோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள்: நாள், நேரம், இடம், எத்தனை பேர், என்ன நடக்கும், யார் பொறுப்பு. தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கிளாக்கர் "சரி, சொல்லிக்கிறேன்" என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் எடுத்துக்கொண்டேன். அன்று காலை மண்டபச் சாவி இல்லை. சாவி வைத்திருந்தவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

இடத்துக்கு, தோட்டத்தில் கலாசார மண்டபம் இருந்தால் அது. இல்லாவிட்டால் பிள்ளைக் காம்பரா (காம்பரா என்றால் அறை, இது வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), ஞாயிற்றுக்கிழமை அது காலியாக இருக்கும். கோயில் முற்றத்தைக் கேட்காதீர்கள், கவிச்சி அங்கே வரக்கூடாது. தேவாலயத்தின் உள்ளே வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

ஒலிபெருக்கி வேண்டுமென்றால் பொலிஸ் அனுமதி வாங்க வேண்டும், ஒரு வாரம் முன்னால் போங்கள். கிராம சேவகரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. என் எண்ணம், ஒலிபெருக்கியே வேண்டாம். காரணம் ஒன்பதாம் படியில்.

எல்லாம் சேர்த்து மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

5. வான்கோழியை மறந்துவிடுங்கள்

மறக்க மாட்டீர்கள் என்று தெரியும், அதனால் என் கதையைக் கேளுங்கள். 2023இல் விசா வேலையாகக் கொழும்பு போனபோது ஒரு சூப்பர்மார்க்கெட்டில் உறைந்த வான்கோழியைப் பார்த்தேன். ஐந்து கிலோவுக்குச் சற்று மேல், விலை 21,000 ரூபாய். அன்று தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய். 2024 செப்டம்பரில்தான் அது 1,350 ஆனது. ஆக என் பெட்டிக்குள் இருந்தது இருபத்தொரு நாள் கொழுந்து. இந்தக் கணக்கு எனக்கு அப்போது தோன்றவில்லை. விலைச்சீட்டைக் கழற்ற மறந்து சமையலறையில் விட்டுவிட்டேன், உதவிக்கு வந்த பெண் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் குப்பைக்குள் போட்டபோதுதான் தோன்றியது.

அது மட்டுமல்ல. உறைந்த பறவை குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் உருக, இரண்டு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். எங்களுக்கு இரண்டரை நாள் தேவைப்பட்டது, நடுவில் மழையில் கரண்ட் போனது. வெளியே வைத்து உருக்காதீர்கள். மலைக் குளிர் போதும் என்று நினைப்பீர்கள், மதிய வெயிலில் அந்தக் குளிர் இருக்காது. கடைசியில் அது எங்கள் சின்ன மின் அடுப்புக்குள் நுழையவில்லை. இரண்டு காலும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, கணவர் கத்தியோடு உட்கார்ந்து அதைத் துண்டு போட்டார். கறி வைத்துத்தான் சாப்பிட்டோம்.

கோழி வாங்குங்கள். ஹலால் கோழியாகப் பாருங்கள், அப்போது முஸ்லிம் கடைக்காரர்களும் வந்து உட்கார்ந்து சாப்பிடலாம். பன்றித் தொடை, மாட்டிறைச்சி இரண்டும் வேண்டாம். ஒன்று ஒரு சாராரை எழுப்பிவிடும், மற்றது இன்னொரு சாராரை.

6. பெட்டியில் என்ன கொண்டுவருவது, கடையில் என்ன கேட்பது

கறுவாப் பொடியை (பட்டைப் பொடி) ஹூஸ்டனில் விலை கொடுத்து வாங்கி இலங்கைக்குச் சுமந்து வந்தவள் நான். சிரிக்காதீர்கள், அந்தப் புட்டியில் "சிலோன்" என்றே போட்டிருந்தது. கறுவா, கராம்பு, சாதிக்காய் எல்லாம் இங்கே எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். பழம், விதை, செடி, இறைச்சி எதையும் பெட்டியில் போடாதீர்கள். அவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும், கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். கூரியரை நம்பி டின் பண்டம் வரவழைக்கவும் வேண்டாம். தங்கை செப்டம்பரில் அனுப்பிய பொதி எங்களுக்குக் கிறிஸ்துமஸ் கழிந்து வந்தது.

கொண்டுவர வேண்டியது ஒன்றே ஒன்று: இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி. சிறியது, விலை குறைவு, இங்கே மலையில் தேடி அலைய வேண்டாம். கோழியின் தொடை நடுவில் 74 பாகை செல்சியஸ் காட்டினால் வெந்துவிட்டது. உயரம் எதுவானாலும் அந்த எண் மாறாது.

உயரத்தால் மாறுவது வேறு. ஹட்டன் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,270 மீட்டர். தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும், நுவரெலியாவில் இன்னும் இரண்டு பாகை குறைவு. கிழங்கும் பருப்பும் வேக நேரம் கூடும், பிரஷர் குக்கரைக் கையோடு வையுங்கள். ஒரு லாபம் என்னவென்றால், பூசணிப் பை (pie) சுட மாவு பிசையும்போது வெண்ணெய் உருகாது. ஹூஸ்டன் சமையலறையில் ஐஸ் வைத்துக்கொண்டு பிசைந்தவளுக்கு அது பெரிய சுகம்.

கடையில் பெயர்கள் மாறும். பிரெட் என்றால் பாண். பீன்ஸ் போஞ்சி. பரங்கிக்காய்க்கு வட்டக்காய் என்று கேளுங்கள். சர்க்கரை என்றால் வேறு எதையாவது எடுப்பார்கள், வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி. மாற்றுகள் என் அனுபவத்தில் இப்படி:

கிரான்பெரிக்கு மரத்தக்காளி. மலையில் விளைவது, புளிப்பும் நிறமும் சரியாக வரும். தோலை உரித்துவிட்டுச் சீனியும் ஒரு துண்டு கறுவாவும் போட்டுக் காய்ச்சினால், ஊரில் டின்னில் வாங்கியதைவிட நன்றாக இருக்கிறது என்று என் கணவரே ஒப்புக்கொண்டார்.

ஸ்டஃபிங்குக்கு முந்தின நாள் பாண், லீக்ஸ், செலரி. லீக்ஸ் நுவரெலியாவின் சொந்தச் சரக்கு, மலிவு. கோழிக்குள் அடைக்காமல் தட்டில் தனியாகச் சுடுங்கள், அப்போதுதான் மாலை போட்டவர்களும் சாப்பிடலாம். கோழிச் சாற்றுக்குப் பதில் மரக்கறி அவித்த தண்ணீர்.

பூசணிப் பைக்கு வட்டக்காயை ஆவியில் அவித்துப் பிழிந்து, டின் பாலும் கித்துள் கருப்பட்டியும் சேருங்கள். பிழியாமல் விட்டால் பை களியாகிவிடும். முட்டை சேர்ப்பதால் விரதக்காரர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்கு அதே கலவையில் முட்டையில்லாமல் பாயசம் வைத்தேன். பாயசம் முதலில் தீர்ந்தது, பை பாதி மிஞ்சியது. இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

7. அடுப்பு: பேக்கரிக்காரரைப் பிடியுங்கள்

அறுபது பேருக்குக் கோழி சுட வீட்டு அடுப்பு ஆகாது. அருகிலுள்ள டவுனில் விறகுப் போறணை (பாண் சுடும் பெரிய அடுப்பு) வைத்திருக்கும் பேக்கரி ஒன்றைத் தேடுங்கள். காலைப் பாண் இறக்கியபின் போறணை சூடாகச் சும்மா இருக்கும், அந்த நேரத்தை வாடகைக்குக் கேளுங்கள். ஒரு வாரம் முன் போய்ப் பேசுங்கள், நாலு தட்டு என்றால் அளவைக் காட்டுங்கள். போறணை வாய் எவ்வளவு அகலம் என்று நாடா பிடித்து அளந்துவிட்டே தட்டு வாங்குங்கள்.

எங்கள் பேக்கரிக்காரருக்கு முழுக்கோழி சுட்டுப் பழக்கமில்லை, ஆனால் தன் போறணையை அவருக்குத் தெரியும். "பாண் எறக்கி ஒரு மணி நேரம் ஆறட்டும், இப்ப வச்சா மேல கருகி உள்ள பச்சையா நிக்கும்" என்றார். அமெரிக்கக் குறிப்பில் 350 என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 177. அந்த எண்ணைச் சொல்லி அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். போறணையில் வெப்பம் காட்டும் முள் கிடையாது. ஒன்றேகால் கிலோக் கோழிகள் ஒன்றேகால் மணி நேரத்தில் வெந்தன.

டவுனிலிருந்து தோட்டத்துக்கு முக்கால் மணி நேரம், குண்டும் குழியுமான பாதை. தட்டைத் துணியால் கட்டுங்கள். ஆட்டோவின் பின்சீட்டில் நானும் மடியில் கோழிச் சாறுமாக வந்தேன், அந்தச் சேலை பிறகு துடைக்கும் துணியானது.

8. செலவு

2024 நவம்பரில் அறுபது பேருக்கு எங்களுக்கு ஆனது ஏறத்தாழ 62,000 ரூபாய், அன்றைக்கு 215 டாலர் வரை. கோழி 14 கிலோ 16,000. காய்கறியும் கிழங்கும் பத்தாயிரம் சுற்றி. வெண்ணெய், பால், சீனி, வாசனைச் சரக்கு 9,000, இதில்தான் எதிர்பாராமல் அடிபட்டேன். வெண்ணெயின் விலையைக் கேட்டு இரண்டு தடவை மறுபடி கேட்டேன். பேக்கரிக்கு 3,000, போக்குவரத்து 4,500. மற்றது அரிசி, பருப்பு, தேங்காய், பாண், தேயிலை, மண்டபம் கழுவிய கூலி. தேங்காய் அந்த மாதம் ஒன்று 190. விலைகள் மாறியிருக்கும், விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரிசி ஏன் என்று கேட்கலாம். மசித்த கிழங்கும் பாணும் சாப்பாடு என்று இங்கே யாரும் ஏற்கமாட்டார்கள். சோறு, பருப்பு, ஒரு சம்பல் இருக்க வேண்டும். இல்லையென்றால் விருந்து முடிந்து வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்குவார்கள். 2023இல் ஆக்கினார்கள்.

திருச்சபைப் பணத்தைத் தொடாதீர்கள். உங்கள் கைக்காசில் செய்யுங்கள். ஊர் நண்பர்கள் பணம் அனுப்பினால், சாப்பிடுகிறவர்களின் படம் கேட்பார்கள். தட்டுக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படமெடுத்து அனுப்பும் வேலை என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் அதற்குப்பிறகு அனுப்பவில்லை, பரவாயில்லை.

9. அன்றைய நாளும் அதற்கு முந்தின இரவும்

அமெரிக்க மேசையில் ஒவ்வொருவராக "நான் இதற்காக நன்றி சொல்கிறேன்" என்று சுற்று வரும் வழக்கத்தை இங்கே கொண்டுவர முயன்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். நம் வீடுகளில் அம்மாவுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? நன்றி என்ற சொல் மேடைக்கு உரியது, கடைசியில் வரும் நன்றியுரைக்கு உரியது. அதையும் கண்ணால் பார்த்தேன். மௌனத்தைக் கலைக்கத் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர் மைக்கை எடுத்தார். தொரைக்கு, சின்னத் தொரைக்கு, மாவட்டத் தலைவருக்கு, மண்டபத்துக்கு லைட் போட்டவருக்கு என்று இருபது நிமிடம் நன்றி. கோழி ஆறிப்போனது. ஆகவே மைக் வேண்டாம்.

ஆனால் அந்தப் பேச்சு வேறொரு இடத்தில் தானாக நடந்தது. சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் கிழங்கு உரிக்க ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். கை வேலை செய்துகொண்டிருக்க, கண் கிழங்கில் இருக்க, பேச்சு வந்தது. மகள் கொழும்பில் வேலைக்குப் போனது, கடன் ஒன்று முடிந்தது, அட்டை கடித்துக் கால் வீங்கியபோது பக்கத்துக் காம்பராக்காரி மூன்று நாள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது. அந்தப் பக்கத்துக் காம்பராக்காரி அங்கேயே உட்கார்ந்து லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, பிளேன்டி (பாலில்லாத தேநீர்) போட்டுக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்வது. சமைத்து முடித்து வைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிடும் திட்டம் போடாதீர்கள், முந்தின இரவை அவர்களுக்கு விடுங்கள்.

ஞாயிறன்று யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ரொட்டி, கட்டச்சம்பல், ஒரு சட்டி கீரை, ஒரு கட்டு கரட். "நீங்க ஏன் கொண்டுவந்தீங்க, நாங்கதானே விருந்து வைக்கிறோம்" என்று சொன்னேன், ஒரு பாட்டியின் முகம் சுண்டிவிட்டது. வாங்கி நடு மேசையில் வையுங்கள், கோழிக்குப் பக்கத்தில். மரக்கறிக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. அந்த மேசையில் பரிமாற மாலை போட்ட ஒருவரையே நிறுத்தினால் யாருக்கும் சந்தேகம் வராது. தட்டு அவரவர் கொண்டுவரச் சொல்லலாம், கூச்சம் வேண்டாம்.

10. வீட்டுக்குப் பேச

நவம்பரில் ஹூஸ்டனுக்கும் இங்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம், நியூயார்க்குக்குப் பத்தரை, கலிபோர்னியாவுக்குப் பதின்மூன்றரை. அங்கே வியாழன் மதியம் மூன்று மணிக்கு எல்லாரும் மேசையில் உட்காரும்போது இங்கே வெள்ளி அதிகாலை இரண்டரை. அலாரம் வைத்து எழுந்து பேசினேன். பின்னால் கேட்கும் தட்டுச் சத்தத்தில் அழுதுவிட்டு விடியும்வரை தூக்கமில்லை. வியாழன் மாலை ஏழு மணிக்குப் பேசுங்கள். அங்கே காலை ஏழரை, அம்மா தனியாகச் சமையலறையில் இருப்பார், பேச நேரமும் இருக்கும். பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது, எந்த மேட்டில் கிடைக்கும் என்று முன்னாலேயே பார்த்துவையுங்கள்.

11. மழை

அக்டோபரும் நவம்பரும் இங்கே மாலை மழைக்காலம், வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் வரும் காலமும் அதுவே. 2025 தேங்ஸ்கிவிங் நவம்பர் 27. அந்த வாரந்தான் டிட்வா புயல், பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் மலை சரிந்தது. நாங்கள் 30ஆம் தேதி ஞாயிறுக்குத் திட்டமிட்டிருந்தோம். விருந்து நடக்கவில்லை. வாங்கி வைத்திருந்த அரிசியும் பருப்பும் கிழங்கும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குப் போயின. கோழி வாங்கியிருக்கவில்லை, அதனால் வீணாகவுமில்லை. உலர்ந்த சாமானை இரண்டு வாரம் முன்பும், காய்கறியை இரண்டு நாள் முன்பும், கோழியை முந்தின நாளும் வாங்குங்கள்.

மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசச் செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. மூன்று நிலை: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. மஞ்சள் வந்ததுமே விருந்தைத் தள்ளிவையுங்கள், சிவப்பு வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேறும் நேரம். அனர்த்த முகாமைத்துவ நிலைய எண் 117, அம்புலன்ஸ் 1990. இரண்டையும் மண்டபச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

12. மறுநாள்

மண்டபத்தைக் கழுவிச் சாவியைத் திருப்பிக் கொடுங்கள், கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பேக்கரிக்காரருக்குப் பூசணிப் பையில் ஒரு துண்டு அனுப்புங்கள்.

பாத்திரங்கள் மிஞ்சும். எனக்கு 2024இல் எட்டு மிஞ்சின. எது யாருடையது என்று கேட்டுத் தெருத்தெருவாக அலைய வேண்டாம், விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், பெயர் பொறித்திருக்கும். சில நேரம் அது அம்மா பெயராக இருக்கும், சில நேரம் பாட்டி பெயர். கழுவி அப்படியே வெறும் பாத்திரமாகக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே ஒரு கை சீனியோ, நாலு உருளைக்கிழங்கோ போட்டுக் கொடுங்கள்.